ஊருக்கும் காலனிக்கும் ஒரே அண்டா

மூணாங்கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மீதியெல்லாம் எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு விளங்கும்.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் கிராமம். அதில் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. காலனியில் முதல் மாடி வீடு கட்டினவன் நான். சுற்றுவட்டாரத்தில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் பாத்திரம் வாடகைக்கு விட்ட கடை என்னுடையது. அப்புறம் ஷாமியானா, மடக்கு நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, ஜெனரேட்டர், அதையெல்லாம் ஏற்றிப் போக சொந்த வேன். ஒரு மகளை நர்சாக்கினேன். இன்னொரு மகளை டீச்சராக்கினேன். மகன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் சூப்பர்வைசர். என் அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. பாங்கிக்காரன் என்னை வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினான். இருந்தும் இத்தனையும் செய்தேன்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நான் கட்டினதில் பெரியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இன்றைக்கு ஊரும் காலனியும் ஒரே அண்டாவில் வெந்த சோற்றைச் சாப்பிடுகிறது. அதை ஆரம்பித்து வைத்தவன் நான். போன தை மாதம் ஊருக்கும் காலனிக்கும் பொதுவாகச் சமுதாயக் கூடம் திறந்தார்கள். மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாரும் "காலம் மாறிடுச்சு, படிப்பு மாத்திடுச்சு" என்றே பேசினார்கள். நான் முன்வரிசையில் சால்வை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காலம் மாறுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்குத் தெரியும். பாத்திரக்காரன் இரண்டு பக்கத்து அடுப்பையும் பார்த்தவன். ஒரு வீட்டின் நிலைமையைத் தெரிந்துகொள்ள அதன் வாசலைப் பார்த்தால் போதாது, கல்யாணத்தன்றைக்கு அதன் பின்கட்டைப் பார்க்க வேண்டும்.

ஊர்க்காரர்களிடம் நிலம் இருந்தது, நெல் இருந்தது. ஆனால் கையில் துட்டு இருக்காது. அறுப்பு வந்தால்தான் துட்டு. காலனியில் நிலமும் இல்லை, நெல்லும் இல்லை. ஆனால் அன்றன்றைக்குக் கூலி வரும். கொஞ்சம்தான் என்றாலும் கையில் இருக்கும். அதனால் ஊர்க் கல்யாணம் எல்லாம் அறுப்பு முடிந்த பிறகு வரும். காலனிக் கல்யாணம் நினைத்த மாதத்தில் வரும்.

ஊர்க் கல்யாணத்தில் சோறு வடித்ததும் அண்டாவை மூடி, மேலே துணியைக் கட்டி, பக்கத்தில் பங்காளி ஒருத்தரை உட்கார வைத்துவிடுவார்கள். சோறு பத்தாமல் போய்விட்டால் சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயம். அந்தப் பங்காளிக்கு அன்றைக்கு முழுக்க ராஜ மிடுக்கு. காலனிக் கல்யாணத்தில் மூடி எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. சோறு குறைந்தது என்று சத்தம் கேட்டால் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்து முந்தானையில் அரிசியை முடிந்துகொண்டு ஓடி வருவார்கள். ஆளுக்கொரு அரிசி. புழுங்கல், பச்சை, ரேஷன், எல்லாம் ஒன்றாக வெந்து ஒரு வாசனை வரும். இன்றைக்குக் கேட்டரிங்காரன் போடும் பிரியாணியில் அந்த வாசனை வருமா?

இரண்டு பக்கமும் பயந்தது ஒன்றுக்குத்தான். ஒரு பக்கம் மூடி வைத்தது, ஒரு பக்கம் திறந்து வைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல ஆசை. ஆனால் அவ்வளவுதான் இல்லை. ஊருக்குக் கோயிலில் பொதுப் பாத்திரம் இருந்தது. தாத்தன் காலத்துப் பித்தளை, வெண்கலம். எங்களுக்கு ஒன்றும் கிடையாது. டால்டா டின்னிலும் மண்பானையிலும் சமைத்தோம். ஊர்ப் பாத்திரத்தைக் கேட்கவும் முடியாது, கேட்டால் கொடுக்கவும் மாட்டார்கள். விளக்கித் தருவதற்கு மட்டும் எங்கள் அம்மாமார்களைக் கூப்பிடுவார்கள். வெளியே வைத்து விளக்க வேண்டும். அப்புறம் அவர்கள் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துப் போவார்கள்.

என் கல்யாணத்தில் மூன்று அடுப்பில் ஒன்பது சட்டியை மாற்றி மாற்றி வைத்துச் சோறு ஆக்கினார்கள். கடைசிப் பந்தி சாப்பிட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. என் மாமனார் பசியில் கோபித்துக்கொண்டு தன் ஊருக்குத் திரும்பப் புறப்பட்டார். அன்றைக்குத்தான் ஒரு அண்டா வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்போது வாலாஜாபாத்தில் ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வேலை எனக்கு. வெந்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் கிண்டிவிட வேண்டும். உள்ளங்கால் தோல் செருப்பு மாதிரி ஆகிவிடும். அந்தக் கூலியில் அங்கேயே ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன் பித்தளை அண்டா. கடைக்காரர் சின்ன உளியை எடுத்து, "பேரு வெட்டணுமா?" என்றார். வெட்டச் சொன்னேன். "ஊர் பேரு?" என்றார். "ஊர் பேரும் போடுங்க, காலனின்னும் போடுங்க" என்றேன். அண்டாவின் கழுத்தில் சுற்றி வெட்டினார். அப்போது எனக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்த எழுத்து அதுதான்.

பஸ்ஸில் ஏற்ற விடவில்லை. ஒரு மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பாலாற்றுக் காற்றில் அது தானாக 'ம்ம்ம்' என்று பாடிக்கொண்டே வந்தது. என் வயசில் எத்தனையோ பாட்டு கேட்டிருக்கிறேன், அது மாதிரி ஒன்று கேட்டதில்லை.

வீட்டில் என் பெண்டாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா இது? வூட்டு வாசல்லயே நுழையாது போல கீதே."

"வெளியவே கவுத்து வெப்போம்."

"மழை பெஞ்சா நாம அதுக்குள்ள பூந்துக்கலாம், வூடுதான் ஒழுவுதே. கொழந்தைய தொட்டில்ல போட வேணாம், இதுலயே போட்டுக்கலாம்."

சிரித்தாள். அவளுக்கு எப்போதும் நாக்கு நீளம். ஆனால் அந்த அண்டாவைப் புளி போட்டு விளக்கி, வாடகைக்குப் போகும்போதெல்லாம் பொட்டு வைத்து அனுப்பினவள் அவள்தான். எங்கள் காலனி, பக்கத்துக் காலனி, அதற்கு அடுத்த காலனி என்று அண்டா போனது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, குண்டான், வாளி, கரண்டி, தாம்பாளம் என்று சேர்ந்தது. ரைஸ்மில் வேலையை விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊர்க் கோயில் பாத்திரங்கள் ஓட்டை விழ ஆரம்பித்தன. ஈயம் பூசுகிறவன் வருவது நின்றுபோயிருந்தது. ஊர்க்காரர்கள் உத்திரமேரூர் டவுனில் ஒரு பாத்திரக் கடையிலிருந்து வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். இங்கேதான் வேடிக்கை. டவுன் கடைப் பாத்திரம் எல்லா வீட்டுக்கும் போகும், எல்லாக் காலனிக்கும் போகும். இதற்கு முன்னால் இது யார் வீட்டு அடுப்பில் ஏறியது என்று ஊர்க்காரர் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. டவுனிலிருந்து வந்தால் அதற்குத் தோஷம் கிடையாது. ஏரிக்கரையைத் தாண்டி வந்தால்தான் தோஷம்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. முகூர்த்த மாதங்களில் டவுன் கடை முதலாளிக்குப் பாத்திரம் பத்தாது. என்னிடம் ஆள் அனுப்புவார். என் அண்டா உத்திரமேரூர் போகும். அங்கே அவருடைய வண்டியில் ஏறும். ஏறி, திரும்ப எங்கள் கிராமத்துக்கே வரும், ஊர்ப் பக்கத்துக்கு. அரை பர்லாங்கு தூரத்துக்கு டவுனைச் சுற்றிக்கொண்டு வரும். கழுத்தில் வெட்டின பேர்? சமையல்காரர்கள் அண்டாவின் வெளியே கரி பிடிக்காமல் இருக்க மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். அடியில் பூசினால் போதும். டவுன் முதலாளி வண்டியில் ஏற்றும் முன்பே தன் சமையல்காரரிடம் கழுத்து வரைக்கும் பூசச் சொல்லிவிடுவார். இது எனக்கு வெகு நாளாகத் தெரியாது. வாடகை வந்தது, வாங்கிக்கொண்டேன். அண்டா எங்கே போய் வருகிறது என்று கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்தது ஊரின் பெரிய வீட்டுக் கல்யாணத்தில். அந்த வீட்டுப் பெரியவரிடம்தான் என் அப்பா ஆயுசு முழுக்க ஏர் ஓட்டினார். அன்றைக்கு டவுன் கடையில் சாமான் இறக்க ஆள் இல்லை. முதலாளி என்னையே கூப்பிட்டார். வண்டியில் ஏறிப் பார்த்தால் முன்னால் உட்கார்ந்திருப்பது என் அண்டா! கழுத்து வரைக்கும் செம்மண் காய்ந்து போய், பட்டுப்புடவைக்கு மேல் கோணி போர்த்தின மாதிரி இருந்தது.

"மொதலாளி, இது இன்னா?" என்றேன்.

"ஒண்ணும் பேசாத. துட்டு வருதில்ல?" என்றார்.

இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் வண்டி கிளம்பிவிட்டது.

பெரிய வீட்டுப் பின்கட்டில் தென்னங்கீற்றுப் பந்தல், சவுக்குக் கட்டை அடுப்பு. காலை நாஷ்டாவுக்குப் பொங்கல் என் அண்டாவில்தான் வெந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாலாஜாபாத்துக்காரர்கள், வளைத்துக் கட்டிச் சாப்பிட்டார்கள். அப்புறம் அதே அண்டாவில் மத்தியானச் சாம்பார். நான் சாமான் இறக்கிவிட்டுக் கிணற்றடியில் நின்றேன். போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

சமையல்காரர் தீயைக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டார். சாம்பார் பொங்கிக் கழுத்து வழியாக வழிந்தது. பூசின மண் கரைந்து இறங்கிற்று. உள்ளே இருந்து பித்தளை பளிச்சென்று தெரிந்தது. அதில் என் பேர். பக்கத்தில் காலனி என்று.

முதலில் பார்த்தது அண்டாவுக்குக் காவல் உட்கார்ந்திருந்த பங்காளி. எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார். எழுந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். பெரியவர் வந்தார். அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டேய், இது உன்னுதா?"

"ஆமா நைனா. என்னுதுதான்."

"இங்க எப்படிடா வந்துது?"

"நீங்க துட்டு குடுத்துதான் வந்துது நைனா."

பங்காளி குதித்தார். "இன்னா திமிரா பேசறான் பாரு! அண்ணே, காலையில பொங்கலு அதுலதான் துன்னோம்! சம்பந்திக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? எல்லாத்தையும் கொட்டு!"

சமையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, பந்தியில எலை போட்டாச்சு. கொட்டினா வேற கொழம்பு வைக்க ஏது நேரம்? சாதத்துக்கு மோர ஊத்தி அனுப்புறதா?"

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொட்டிவிட்டார்கள் என்றால் என் பாத்திரம் அதற்கப்புறம் எந்த அடுப்பிலும் ஏறாது. டவுன் முதலாளி கை கழுவிவிடுவார். நாளைக்கு எங்கள் காலனிப் பெண்களுக்கு இந்த வீட்டு வயலில் நடவு வேலை கிடைக்குமா என்பதும் சந்தேகம். என் ஒருத்தன் சங்கதி இல்லை அது.

பெரியவர் அவசரப்படவில்லை. நிலம் வைத்து ஆண்ட மனுஷன், நஷ்டம் எது லாபம் எது என்று கணக்குப் போடத் தெரியும். குரலைத் தாழ்த்தினார். "கொட்ட வேணாம். கொஞ்சம் மண்ணு கொழச்சி திரும்பப் பூசு. யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

சமையல்காரர் மண்ணை எடுக்கக் குனிந்தார். அங்கேதான் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. இல்லை, தெரியும். பயம் போய்விட்டது. கொட்டியிருந்தால் அழுதுகொண்டு போயிருப்பேன். பூசச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. நேராக அடுப்பண்டை போனேன். அதுவரைக்கும் என் அப்பனோ தாத்தனோ அந்த அடுப்புக்கு அவ்வளவு கிட்ட போனதில்லை.

"பூச வேணாம் நைனா. பேரு தெரியட்டும். இல்லன்னா நான் என் அண்டாவ எடுத்துக்கினு போறேன்."

"சாம்பாரு கொதிச்சிக்கினு கீது, எப்படிடா எடுத்துக்கினு போவ?"

"சாம்பாரு உங்களுது. அண்டா என்னுது. நீங்க சாம்பார எடுத்துக்குங்க."

பங்காளி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சமையல்காரர் குறுக்கே கரண்டியை நீட்டினார். "அடிக்கறதுன்னா பந்தி முடிஞ்சப்புறம் அடிங்க. சாம்பாருல மண்ணு வுழுவுது."

பெரியவர் வாயை இறுக்கிக்கொண்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் சிரிப்பை அடக்குகிறார்! நான் சொன்னதை அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், அத்தனை சாம்பாரை எதில் ஊற்றுவது என்று.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா பின்பக்கம் கை கழுவ வந்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து வந்த மனுஷர், பெரிய மீசை. "வாசனை தூக்குதே சம்பந்தி!" என்றவர், அண்டாவைப் பார்த்துப் பேரையும் பக்கத்தில் இருந்த காலனியையும் சேர்த்தே படித்தார். பங்காளி ஓங்கின கையை மெதுவாக இறக்கினார்.

"யாரு இது?" என்றார்.

பெரியவர் என் பக்கம் கையைக் காட்டினார். "இவன்தான். நம்ம ஊரு ஆளு. பாத்திரக் கடை வெச்சிக்கினு கீறான்."

"நல்ல கனம். எங்க வூட்டு விசேஷத்துக்குக் குடுப்பியாப்பா?"

"குடுப்பேனுங்க. வண்டி வாடகை தனி" என்றேன்.

மீசைக்காரர் சிரித்துக்கொண்டே போனார். சாம்பார் பந்திக்குப் போனது. பேர் அப்படியே தெரிந்தது. பெரியவரும் அந்தச் சாம்பாரைத்தான் சாப்பிட்டார். நான் கிணற்றடியிலிருந்து பார்த்தேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். எனக்கு அங்கே இலை போடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். வாழையிலையில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் என் பெண்டாட்டியிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"அண்டாவத் தூக்கிக்கினு வந்திருந்தா, வெந்த கையோட யாருய்யா உன்னக் காப்பாத்தறது?" என்றாள். அப்புறம் சாம்பாரை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். அவள் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்த எழுத்துக்கும் ஒரு குறை சொல்லியிருப்பாள்.

மறுநாளே ஊர் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அந்த வருஷம் முழுக்க ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தரும் வரவில்லை. டவுன் முதலாளியும் என்னை நிறுத்திவிட்டார். முதலில் வந்தவர் ஊரிலேயே ஏழை, கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருந்தவர். எங்கள் காலனிக் கொத்தனார் அவரைவிட நன்றாகச் சாப்பிட்டார். ஆனாலும் அவர் வாசலில் தயங்கித் தயங்கி நின்றார். மற்றவர்களிடம் நிலமும் நெல்லும் இருந்தது, அவரிடம் இருந்தது அந்தப் பழைய வழக்கம் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு வருவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிந்தது. "பெரிய வூட்லயே எடுத்தாங்களே, எனக்கின்னா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். சிலர் ஊருக்குத் தனிப் பாத்திரம், காலனிக்குத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிகப்புப் பெயிண்ட், பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்தால் இரட்டிப்பு வியாபாரம் ஆகும் என்று யோசனை சொன்னவர்கள் என் சொந்தக்காரர்களிலேயே இருந்தார்கள். முடியாது என்றேன். என் கடையில் ஒரே செட்டுதான். வேண்டுமென்றால் எடு, வேண்டாமென்றால் போ. அந்த ஒரு வார்த்தையில் எத்தனை முகூர்த்தம் கை நழுவியது என்று எனக்கும் என் பெண்டாட்டிக்கும்தான் தெரியும். அவள் ஒரு நாளும் அதைக் குத்திக் காட்டவில்லை.

இப்போது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் மெட்ராஸ் போய்விட்டார்கள், பெரிய பெரிய வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. நிலத்தை மனையாகப் போட்டு விற்றுவிட்டார்கள். காலனிப் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள், லோன் போட்டு டைல்ஸ் வீடு கட்டுகிறார்கள். ஊரில் சொத்து இருந்து ஆள் இல்லை. காலனியில் ஆள் இருந்து தவணை இருக்கிறது. கல்யாணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மண்டபம், ஒரே கேட்டரிங், ஒரே மாதிரி ஐஸ்கிரீம். சுடுகாடு மட்டும் இன்னும் இரண்டு இருக்கிறது. அதைப் பற்றிச் சமுதாயக் கூடத் திறப்பு விழாவில் யாரும் பேசவில்லை.

சவுக்குக் கட்டைப் புகையில் கண் எரிய நின்ற அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அவமானம் இருந்த காலத்துக்கு யாராவது ஏங்குவார்களா என்று மகன் கேட்கிறான். அவமானத்துக்கு ஏங்கவில்லை. அதை எதிர்த்து நிற்க எனக்கு இருந்த தெம்புக்கு ஏங்குகிறேன். விடியற்காலையில் அடுப்புப் பற்றவைத்ததும் பித்தளை சூடாகி டப் டப்பென்று ஒரு சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டால் அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

ஆனால் காலம் மாறிடுச்சு என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். காலம் வந்து அண்டாவைத் தூக்கியதா? படிப்பு வந்து அந்தப் பெரிய வீட்டு அடுப்பண்டை நின்றதா? படித்தவர்கள் வந்தார்கள், சட்டம் வந்தது, கம்பெனி வந்தது, எல்லாம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. அவர்களெல்லாம் வந்தபோது ஊரும் காலனியும் ஏற்கெனவே என் பாத்திரத்தில் சாப்பிட்டுப் பழகியிருந்தது. நான் பாதை போட்டு வைத்தேன், அவர்கள் அதில் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

எனக்குச் சால்வை வேண்டாம். வீட்டில் நிறைய இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரு வாக்கியம். சமுதாயக் கூடத்தில் அடுத்த விசேஷத்துக்கு மைக்கைப் பிடிக்கிறவர், ஊர்க்காரரோ காலனிக்காரரோ, சோறு பரிமாறுவதற்கு முன்னால் எழுந்து சொல்ல வேண்டும்: இந்தக் கிராமத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட வைத்தவர் இவர்தான். என்னைக் காட்டிச் சொல்ல வேண்டும். நான் போன பிறகு படத்தைக் காட்டிச் சொல்கிற வேலை எல்லாம் வேண்டாம். இப்போது சொல்லுங்கள், நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.